மனைக்கும் ஜாதியா?

நாகப்பட்டினத்தில் கிழக்கே கடல் போக, மற்ற மூன்று பக்கங்களிலும் இன்று மனை வியாபாரம் மும்முரமாய் நடந்து வருகின்றது. நாகூர் ரோட்டிலும், வேளாங்கண்ணி ரோட்டிலும், திருவாரூர் ரோட்டிலும் முன்பு நெல் விளைந்த வயல்களில் கல் நட்டு, வெள்ளையடித்து, வாசலில் வளைவு கட்டி, ஏதாவது ஒரு பெயரோடு 'நகர்' என்று சேர்த்து விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் பெரும் பிரபுக்கள் அல்ல. பள்ளிக்கூட ஆசிரியர், ஆபீஸ் குமாஸ்தா, பஸ் டிரைவர், ஆஸ்பத்திரி நர்ஸ், மீன் வியாபாரி, சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வெயிலில் காய்ந்து நாலு காசு மிச்சம் பிடித்தவர் ஆகிய இவர்களே வாங்குகிறார்கள். இருபது வருஷம் பாங்கிக்குத் தவணை கட்டச் சம்மதித்து, மனைவியின் கழுத்திலும் காதிலும் கிடப்பதைக் கழற்றி, ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆகிறார்கள்.

மனிதன் தன் ஆயுளில் செய்கிற செலவுகளுக்குள் பெரிய செலவு இதுதான். வெண்டைக்காய் வாங்கும்போது நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குகிற நம் ஜனங்கள், இவ்வளவு பெரிய செலவுக்கு முன்பாக என்ன கேட்கிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் இரண்டே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒன்று, "வாசல் எந்தத் திசை?" என்பது. மற்றொன்று, "பக்கத்து மனைக்காரர் என்ன ஆளுங்க?" என்பது. முதல் கேள்வி வெறும் பைத்தியக்காரத்தனம். அதனால் கெடுவது கேட்கிறவனுடைய பணம் மாத்திரமே. இரண்டாவது கேள்வியோ அயோக்கியத்தனம். அதனால் கெடுவது மற்றொரு மனிதனுடைய மானம். ஆகவே இரண்டாவதைப் பற்றியே இன்று முக்கியமாய் எழுத முன்வருகின்றோம்.

இந்த ஜில்லாவில் வீட்டு மனை என்பது என்ன பொருளுள்ளது என்று தெரியாதவர்களுக்குச் சொல்லுகின்றோம். காவிரிப் பாய்ச்சல் நாட்டுக் கிராமம் என்றால் அக்கிரகாரம் ஒன்று, குடியானவர் தெரு ஒன்று, வாய்க்காலுக்கும் வயலுக்கும் அப்பால் சேரி ஒன்று என்று மூன்று துண்டாகவே இருந்து வந்தது. 1960களின் ஆரம்பத்தில் ஆந்த்ரே பெத்தேய் என்னும் சமூகவியல் அறிஞர் தஞ்சைக் கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ந்து 1965ல் வெளியிட்ட நூலிலும், இந்த மூன்று துண்டையே அக்கிராமத்தின் ஆதாரமாகக் காட்டினார். இதில் சேரியில் இருந்தவனுக்குக் குடிசை மாத்திரமே சொந்தம். அது நின்ற மண் மிராசுதாரனுடையது. பண்ணையில் ஒரு நாள் வாய் திறந்து கூலி அதிகம் கேட்டால், மறுநாள் வேலை போவது மாத்திரமல்ல, படுத்திருந்த இடமும் போய்விடும். சங்கிலி போட்டுக் கட்டாமலேயே மனிதனைக் கட்டி வைக்க இந்த ஒரு தந்திரம் போதுமானதாயிருந்தது.

இந்தக் கட்டைத் தளர்த்த எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதையும் பாருங்கள். 1952ல் தஞ்சை ஜில்லாவுக்கென்றே சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961ல் குடியிருப்பு மனையிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. 1968ஆம் வருஷம் டிசம்பர் 25ந் தேதி இரவு, கூலிப் போராட்டத்தை ஒட்டி, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 பேர் உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதற்குப் பிறகுதான், 1971ல், குடியிருந்தவனுக்கே அந்த மனையைச் சொந்தமாக்கும் சட்டம் வந்தது. ஆகையால் நாகப்பட்டினம் ஜில்லாவில் ஒரு ஏழையின் பெயரில் மூன்று சென்டு மனைக்குப் பட்டா இருக்கிறதென்றால், அது வெறும் காகிதமல்ல. "போடா வெளியே" என்று இனி யாரும் சொல்ல முடியாது என்பதற்கு அத்தாட்சியாகும்.

நிற்க. இப்படி அடிமனையில் கிடந்தவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று படித்திருக்கிறார்கள், உத்தியோகம் பார்க்கிறார்கள், கப்பலிலும் விமானத்திலும் போய்ச் சம்பாதித்து வந்திருக்கிறார்கள். கிராமத்தில் தெரு பிரிந்து கிடக்கிறது, பட்டணத்தின் ஓரத்திலாவது நாலு பேரோடு நாலு பேராக இருப்போம் என்று பணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மனை பார்க்க வருகிறார்கள். அங்கே நடப்பதென்ன?

தரகர் மிகவும் மரியாதையாகப் பேசுவார். ஜாதி என்ற வார்த்தையை வாயில் எடுக்கவே மாட்டார். "ஐயாவுக்குச் சொந்த ஊர் எதுங்க?" என்பார். ஊரைச் சொன்னால், "அங்கே எந்தத் தெருங்க?" என்பார். தெருவைச் சொல்லத் தயங்கினால், "குலதெய்வம் எதுங்க?" என்பார். அதிலும் பிடிபடாவிட்டால், "நம்ம பக்கத்திலே இன்னார் உங்களுக்கு உறவுங்களா?" என்பார். இந்த நாலு கேள்விக்குள் ஆளை அளந்துவிடுவார். அளந்த பிறகு, நேற்று வரையில் விலைக்கு இருந்த மனை இன்று காலையிலேதான் வேறொருவருக்கு முன்பணம் வாங்கியாயிற்று என்று ஆகிவிடும். அல்லது சொந்தக்காரரின் மைத்துனர் திடீரென்று சம்மதிக்காமல் போய்விடுவார். அல்லது விலை ஒரே நாளில் ஏறிவிடும். வந்தவரும் படித்தவராதலால் விஷயத்தைப் புரிந்துகொண்டு, சண்டை போடாமல், முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விடுகிறார். பெயரைக் கேட்டவுடனேயே முஸ்லிம் என்று தெரிந்துவிட்டால் தரகருக்கு இந்த நாலு கேள்வி சிரமமும் இல்லை.

வாடகை வீட்டில் இதையே வேறு பாஷையில் சொல்லுகிறார்கள். "சைவம் மட்டும்" என்று எழுதிப் போடுகிறார்கள். சமையலறையில் மீன் வாசனை வந்தால் சுவர் இடிந்து விழுந்துவிடுமா என்று கேட்கின்றோம். அதுவும் கடற்கரையில் பிறந்து, மீன் விற்ற காசு புரளும் கடைத்தெருவில் பிழைத்துக்கொண்டு, நாகப்பட்டினத்தில் ஒருவர் மீன் வாசனைக்குப் பயப்படுகிறார் என்றால், அந்த மூக்குக்குத் தெரிவது மீன் வாசனையல்ல, ஜாதி வாசனையே என்றுதான் அர்த்தம்.

இது ஏதோ நாகப்பட்டினத்துக்கு மாத்திரம் உள்ள வியாதி என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. டில்லியிலும் அதைச் சுற்றியுள்ள பட்டணங்களிலும் வாடகைக்கு வீடு கேட்டு, ஒரே மாதிரி வருமானமும் உத்தியோகமும் சொல்லி, பெயரை மாத்திரம் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று 2015ல் வெளிவந்தது. மேல்ஜாதிப் பெயருக்குத் திறந்த கதவுகள் தாழ்த்தப்பட்டோர் பெயருக்குக் குறைவாகவும், முஸ்லிம் பெயருக்கு அதைவிடக் குறைவாகவும் திறந்தன. அதற்கு ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்னே, 1917ல், அமெரிக்காவில் பெரிய படிப்புப் படித்துவிட்டு டாக்டர் அம்பேத்கர் பரோடா சமஸ்தானத்துக்கு உத்தியோகம் பார்க்க வந்தார். அந்த ஊரில் அவருக்குக் குடியிருக்க ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சிகளின் சத்திரம் ஒன்றில் தம்மைப் பார்சி என்று சொல்லித் தங்கினார். விஷயம் தெரிந்ததும் 11ஆம் நாள் ஒரு கூட்டம் தடி எடுத்துக்கொண்டு வந்து அவரை வெளியேற்றிற்று. பின்னால் இந்த நாட்டின் அரசியல் சட்டத்தையே எழுதப் போகிறவருக்கு ஒரு ராத்திரி தங்க இடமில்லை! படிப்பு வந்தால் ஜாதி போய்விடும், பணம் வந்தால் ஜாதி போய்விடும் என்று சொல்லுகிறவர்கள் இதற்கு என்ன பதில் சொல்லுவார்கள்?

இனி, இப்படிச் செய்கிறவர்கள் சொல்லுகிற சமாதானங்களைக் கவனிப்போம்.

முதலாவது, "என் மனை, என் இஷ்டம், யாருக்கு விற்பது என்பது என் சுதந்திரம்" என்கிறார்கள். மனை உம்முடையதுதான். விற்காமலே வைத்துக்கொள்ளவும் உமக்கு உரிமை உண்டு. ஆனால் விலைக்கு என்று பலகை நட்டபிறகு, கேட்ட விலையைக் கொடுக்க ஒருவன் வந்து நிற்கும்போது, அவனுடைய பிறப்பைப் பார்த்து இல்லை என்பது சுதந்திரம் அல்ல, தீண்டாமையே ஆகும். சட்டமும் அப்படித்தான் சொல்லுகின்றது. 1955ஆம் வருஷத்துச் சட்டம், இன்று குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் பெற்றிருப்பது, எந்த வட்டாரத்திலும் குடியிருக்கும் வீட்டைக் கட்டுவதற்கோ, அடைவதற்கோ, அதில் குடியிருப்பதற்கோ தீண்டாமை காரணமாய் ஒருவரைத் தடுப்பது குற்றம் என்றும், அதற்கு ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதம் வரையில் சிறை என்றும் விதித்திருக்கிறது. ஆனால் காரணத்தை வாய்விட்டுச் சொன்னால்தானே கேஸ் போட முடியும்? அதனால்தான் தரகர் குலதெய்வத்தைப் பற்றி விசாரிக்கிறார்.

சட்டத்திலும் பெரிய சந்துகள் இருக்கின்றன. அகமதாபாத்தில் பார்சிகளின் கூட்டுறவு வீட்டுச் சங்கம் ஒன்று, பார்சிகளைத் தவிர வேறு யாரையும் அங்கத்தினராகச் சேர்ப்பதில்லை என்று விதி வைத்திருந்தது. 2005ல் சுப்ரீம் கோர்ட்டு அந்த விதி செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிற்று. சங்கம் சேர்வது அவர்கள் உரிமையாம்! சிறுபான்மையோர் தங்களைக் காத்துக்கொள்ள ஒன்று சேர்வது வேறு. ஊரில் பலமுள்ள ஜாதியார் அதே வழியில் சங்கம் வைத்து ஊரின் நல்ல மேட்டு நிலத்தையெல்லாம் வளைத்துக்கொண்டு மற்றவனுக்கு இடமில்லை என்றால், அக்கிரகாரத்துக்கும் அதற்கும் வித்தியாசம் என்ன?

இரண்டாவது, "நமக்கு ஜாதி வித்தியாசம் கிடையாது, ஆனால் அவர்கள் வந்தால் மனை விலை இறங்கிவிடும், நாளைக்கு விற்க முடியாது" என்கிறார்கள். நம்மவர்களில் பலர் ஏமாறுவது இந்தச் சமாதானத்தில்தான். ஆதலால் இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு மனையை வாங்கப் பத்துப் பேர் போட்டி போட்டால் விலை ஏறுமா, நாலு பேர் போட்டி போட்டால் ஏறுமா? ஏலம் பார்த்த சிறு பையன்கூடப் பதில் சொல்லுவான். அப்படியிருக்க, வாங்க வருகிறவர்களில் பாதிப் பேரைப் பிறப்பின் காரணமாய் விரட்டிவிட்டு, விலையைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லுவது எப்படிப்பட்ட வியாபாரம்? விலை எங்கேயாவது இறங்கினால், அது வந்தவரால் இறங்குவதில்லை. வந்தவரைப் பார்த்து இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பயமுறுத்திக்கொண்டு, கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு ஓடுவதால்தான் இறங்குகின்றது.

இந்தப் பயத்தை வைத்துப் பிழைத்த கூட்டத்தின் கதை அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே பட்டணங்களின் ஓரத்துக் குடியிருப்புகளில், கறுப்பருக்கு விற்கக்கூடாது என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். 1948ல் அவர்களுடைய சுப்ரீம் கோர்ட்டு, இப்படிப்பட்ட நிபந்தனைகளைக் கோர்ட்டுகள் நிறைவேற்றித் தரமாட்டா என்று தீர்ப்பளித்தது. உடனே தரகர்கள் வேறு தந்திரம் செய்தார்கள். வெள்ளையர் தெருவில் ஒரு வீட்டை ஒரு கறுப்பருக்கு விற்பார்கள். பிறகு வீடு வீடாய்ப் போய், "அவர்கள் வந்துவிட்டார்கள், நாளைக்கு உங்கள் வீடு காலணா பெறாது, இன்றைக்கே தள்ளிவிடுங்கள்" என்று சொல்லுவார்கள். பயந்தவன் அடிமாட்டு விலைக்கு விற்றான். அதையே தரகன், வேறெங்கும் வீடு கிடைக்காத கறுப்பருக்கு அநியாய விலைக்கு விற்றான். விற்றவனும் ஏமாந்தான், வாங்கினவனும் ஏமாந்தான், நடுவில் நின்றவன் பணக்காரன் ஆனான். 1968ல்தான் வீட்டு விற்பனையில் நிற வித்தியாசத்தையும், இந்தத் தரகு மோசடியையும் குற்றமாக்கிச் சட்டம் செய்தார்கள். நிறவெறிக்கு விலை கொடுத்தவர்கள் கறுப்பர் மாத்திரமல்ல என்பதை நம் மனைக்காரர்கள் யோசித்துப் பார்க்க வேண்டுகின்றோம்.

மூன்றாவது, "அவரவர் அவரவர் ஜனங்களோடு இருந்தால்தான் ஒத்தாசையாக இருக்கும்" என்கிறார்கள். நாகப்பட்டினத்துக்காரர் இதைச் சொல்லலாமா? இந்த ஊரே அந்நியருக்கு இடம் கொடுத்துப் பிழைத்த ஊராயிற்றே! ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் இங்கே பௌத்த விகாரம் கட்ட இடம் பெற்றான். அதன் செலவுக்கு ஆனைமங்கலம் கிராமமே விடப்பட்டது. பிறகு போர்த்துகீசியர் வந்தார்கள். 1658ல் டச்சுக்காரர் வந்தார்கள். 1781ல் இங்கிலீஷ்காரர் வந்தார்கள். நாகூர் தர்காவின் உயரமான மினாரைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய இந்து ராஜா பிரதாப் சிங். கடலுக்கு அப்பாலிருந்து வந்த எந்த மதத்தானுக்கும், எந்த பாஷைக்காரனுக்கும் இங்கே மனை கிடைத்தது. இந்த மண்ணை உழுது, நட்டு, அறுத்து, ஊருக்கெல்லாம் சோறு போட்டவனுக்கு மாத்திரம் அதே மண்ணில், அதுவும் காசு கொடுத்து, மனை கிடைக்காது என்றால் இதைவிட வெட்கக்கேடு வேறு உண்டா?

ஒத்தாசை என்ற பேச்சுக்கும் இந்த ஊரே பதில் சொல்லியிருக்கிறது. 2004 டிசம்பர் 26ந் தேதி கடல் ஊருக்குள் வந்தபோது இந்த ஜில்லாவில் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அன்று பிணத்தைத் தூக்கியவனையும், பிள்ளையைத் தூக்கி ஓடியவனையும் குலதெய்வம் எது என்று யார் கேட்டார்கள்? ஆனால் அலை வடிந்த பிறகு நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். உள்நாட்டிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பணம் வந்து ஆயிரக்கணக்கில் புது வீடுகள் கட்டப்பட்டன. வெறும் தரையில் புதிதாய்க் கோடு போட்டுக் கட்டினவைகளே அவை. அப்படியிருந்தும் பெரும்பாலும் அவரவர் பழைய கூட்டத்தை அப்படியே எடுத்துத் தனித்தனியாய் வைத்தார்கள். மீனவருக்குத் தொழிலும் கடலும் பக்கத்தில் வேண்டும் என்பது நியாயமே. ஆனால் எல்லாப் பிரிவினையும் தொழிலுக்காக ஏற்பட்டது என்று சொல்ல முடியுமா? இயற்கை அழித்துக் கொடுத்த எல்லைக் கோட்டை நாமே மறுபடியும் அளந்து போட்டோம்.

கலந்து வாழ முடியாது என்பவர்களுக்குக் கண்முன் அத்தாட்சிகள் இருக்கின்றன. 1997ல் அன்றைய முதலமைச்சர் கலைஞர் மு. கருணாநிதி அவர்கள் பெரியார் நினைவு சமத்துவபுரம் என்னும் திட்டத்தை அறிவித்தார். 1998 ஆகஸ்டில் மதுரை ஜில்லா மேலக்கோட்டையில் முதலாவது சமத்துவபுரம் திறக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் 100 வீடுகள்; அவற்றில் 40 தாழ்த்தப்பட்டோருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. கோயில் முதலிய வழிபாட்டு இடம் எதுவும் கிடையாது, சுடுகாடு பொது. இப்படி 200க்கு மேற்பட்டவை நாடெங்கும் ஏற்பட்டன. பழுது பார்க்காமல் விட்டது, பிழைப்புக்குத் தூரமாய்ப் போனது முதலிய குறைகள் பல இடங்களில் உண்டு. ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் ஜாதியால் ஓடு இடிந்து விழுந்ததாக எந்த ஊரிலிருந்தும் சேதி இல்லை.

நம் ஜில்லாவார் ஒரு காலத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போன சிங்கப்பூரில், 100க்கு முக்கால் பங்குக்கு மேற்பட்ட ஜனங்கள் சர்க்கார் கட்டிய அடுக்கு மாடி வீடுகளில் வசிக்கிறார்கள். எந்த மாடியிலும் ஒரே இனத்தார் நிரம்பிவிடக்கூடாது என்று 1989 முதல் அங்கே அளவு வைத்திருக்கிறார்கள். அதனால் சிறுபான்மை இனத்தார் வீட்டை விற்கும்போது வாங்க ஆள் குறைந்து நஷ்டப்படுவதும் உண்டு. அந்தக் குறையைத் திருத்த வேண்டியதுதான். ஆனாலும் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குகிறார்கள். அங்கே முப்பது வருஷம் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் நடுவில் குடியிருந்து பழகிய நம் தமிழர், சம்பாதித்த பணத்தைக் கொண்டுவந்து நாகப்பட்டினத்தில் மனை வாங்கும்போது, பக்கத்து மனை யாருடையது என்று கேட்கிறார்! கடலுக்கு அந்தப் பக்கத்தில் உறைக்காத ஜாதி, இந்தப் பக்கத்தில் இறங்கியவுடன் எப்படி உறைக்கின்றது?

இனிச் சொல்லப்போவது நம் தோழர்களுக்குக் கசப்பாகவும் இருக்கலாம். இந்தப் பாவத்தை முழுவதும் பார்ப்பனர் தலையில் வைத்துவிட்டு நாம் கை கழுவிக்கொள்ள முடியாது. தஞ்சை ஜில்லாவில் எத்தனையோ அக்கிரகாரங்களில் வீடுகள் கைமாறிப் பல ஜாதியாரும் குடியிருக்கிறார்கள். இன்று பட்டணத்து ஓரங்களில் கதவைச் சாத்துகிறவர்களில் பெரும்பாலோர், அந்த அக்கிரகாரத்தில் நேற்று வரையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர்களுடைய பிள்ளைகளேயாகும். தனக்கு மேலே இருந்தவன் தன்னைத் தெருவில் விடவில்லை என்று கோபப்பட்டவன், தனக்குக் கீழே என்று எவனோ சொன்னவனைத் தன் தெருவில் விடமாட்டேன் என்றால், அவன் கேட்டது சுயமரியாதையல்ல, உயர்ந்த ஜாதி என்ற பட்டமேயாகும். மேடையில் ஜாதி ஒழிக என்று பேசிவிட்டு, மனை விற்கும்போது "நம்ம ஆளாகப் பாருங்க" என்று தரகரிடம் காதோடு சொல்லுகிறவர், நமது இயக்கத்துக்கு வெளியில் இருப்பதே இயக்கத்துக்குச் செய்கிற உபகாரமாகும்.

பெயரிலும் இந்தப் பிரிவினையை ஏற்றி வைத்திருக்கிறோம். 'காலனி' என்று விலாசத்தில் எழுதினாலே இன்னார் என்று தெரிந்துவிடும்படி செய்துவிட்டோம். அந்தச் சொல்லைச் சர்க்கார் தஸ்தாவேஜுகளிலிருந்து நீக்கப் போவதாக 2025 ஏப்ரலில் சட்டசபையில் முதலமைச்சர் அறிவித்தார். நல்லதே. ஆனால் பலகையை மாற்றிவிட்டு மனையைப் பழையபடியே பிரித்து விற்றுக்கொண்டிருந்தால், புதுப் பெயரும் பத்து வருஷத்தில் பழைய நாற்றம் அடிக்கத்தான் செய்யும்.

இனி முதல் கேள்விக்கும் ஒரு வார்த்தை. ஈசானிய மூலையைத் தேடுகிறவர்கள், மழைத் தண்ணீர் எந்த மூலைக்குப் போகும் என்று பார்க்க வேண்டும். இந்தக் கடற்கரை 1977 நவம்பரில் புயலைக் கண்டது. 2018 நவம்பரில் கஜா புயலைக் கண்டது. இரண்டும் வாசல் எந்தத் திசை என்று பார்த்து வீசவில்லை. வயலைத் தூர்த்த மனையில் பழைய வடிகால் வாய்க்கால் எங்கே இருந்தது, இப்போது எங்கே போயிற்று, ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் எவ்வளவு நாள் நிற்கும், கிணற்றில் உப்பா நல்ல தண்ணீரா என்று பக்கத்தில் குடியிருப்பவரைக் கேட்க வேண்டும். மூலப் பத்திரம், முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று, பட்டா, நகர் ஊரமைப்பு இலாகாவின் அனுமதி ஆகியவைகளைப் பார்க்க வேண்டும். அனுமதியில்லாத மனைகளை ரிஜிஸ்தர் செய்யக்கூடாது என்று 2016ல் சென்னை ஹைகோர்ட்டு உத்தரவிட்டபோது, நல்ல நேரம் பார்த்துப் பூஜை போட்டு வாங்கினவர்களே விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் தவித்தார்கள். பூஜை செய்த புரோகிதர் ஒருவராவது தட்சணையைத் திருப்பிக் கொடுத்ததுண்டா? பக்கத்து மனைக்காரனுடைய ஜாதியைத் துருவித் துருவிக் கேட்கிற நேரத்தில், மனையின் ஜாதகமாகிய மூலப் பத்திரத்தைத் துருவியிருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள்.

ஆகவே, நமது தோழர்கள் செய்ய வேண்டியவை அதிகமில்லை. விற்கிறவர்கள் விலையைக் கேளுங்கள், ஊரைக் கேட்காதீர்கள். ஜாதி விசாரிக்கிற தரகரை அந்தக் காரணத்தைச் சொல்லியே நிறுத்துங்கள். வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் விற்கிற நகராகப் பார்த்து வாங்குங்கள். ஒரே ஜாதியாருக்கு என்று ஒதுக்கிய இடத்தை, விலை குறைவாயிருந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். வாடகைக்கு விடுகிறவர்கள், வாடகை ஒழுங்காகக் கொடுப்பாரா, வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பாரா என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் உலையில் என்ன வேகிறது என்பது உங்கள் விஷயமல்ல. நகரில் குடியிருப்போர் சங்கம் வைத்தால் விதியிலும் நடப்பிலும் ஜாதிக்கு இடம் கொடுக்காதீர்கள்; தெருவுக்கு ஜாதிப் பெயர் வைக்க விடாதீர்கள்; சாவுக்கும் பொது இடமே கேளுங்கள். எங்கேயாவது ஒருவருக்கு இந்தக் காரணத்தால் மனை மறுக்கப்பட்டால், அவரைத் தனியே முகத்தைத் துடைத்துக்கொண்டு போகவிடாதீர்கள். நாலு தோழர்கள் கூடப் போய் நின்று, ஏன் என்று கேளுங்கள். அந்த 'ஏன்' என்ற கேள்விக்கு ஊரறியப் பதில் சொல்லும் துணிவு இந்த வியாபாரத்தில் ஒருவருக்கும் கிடையாது.

பழைய ஊரை இடித்துவிட்டுப் புதிதாய்க் கட்டுவது கஷ்டமான காரியம். அதற்கு எவ்வளவோ காலமும் எவ்வளவோ உயிரும் வேண்டியிருந்தது. ஆனால் இன்று நாகப்பட்டினத்தைச் சுற்றிக் கல் நட்டிருக்கிற வயல்களில் இன்னும் ஒரு சுவர்கூட எழும்பவில்லை. அங்கே அக்கிரகாரமும் இல்லை, சேரியும் இல்லை. வெறும் மண்ணே இருக்கின்றது. அந்த மண்ணில் நாம் போடப் போகிற முதல் அஸ்திவாரக் கல்லாவது ஜாதி இல்லாத கல்லாக இருக்கட்டும் என்பதே நமது வேண்டுகோளாகும்.